கெட், செட், ஏழு கையெழுத்து

நவதிலகம் பிரேக் காம்பொனென்ட்ஸ் தொழிற்சாலையில் பிள்ளையாருக்கும் லேபிள் உண்டு. ஒரகடத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், கம்பெனி வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் சின்னக் கோயில். பீடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர்: 'பிள்ளையார். எண்ணிக்கை: 1. பொறுப்பு: நிர்வாகத் துறை.' தண்ணீர்க் குடத்துக்கு லேபிள், குடம் உட்காரத் தரையில் மஞ்சள் வட்டம், அந்த வட்டத்துக்கும் ஒரு லேபிள். லேபிள் இல்லாத பொருள் கண்ணில் பட்டால் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். 'இது என்ன? ஏன் இங்கே இருக்கிறது?' என்று அட்டையில் இரண்டு கேள்வி. பதினைந்து நாளுக்குள் யாராவது பதில் எழுதி, தர நிர்வாகப் பொது மேலாளர் வனமாமலையிடம் கையெழுத்து வாங்கி மீட்காவிட்டால், பொருள் நேராகப் பழைய இரும்பு யார்டுக்குப் போகும். தணிக்கைக்கு வந்து மூன்று வாரம் இருந்த அதிகாரி ஒருவரின் குடையே அப்படிப் போயிருக்கிறது. மனிதர் மழையில் நனைந்துகொண்டே போய், 'ஒழுங்குமுறை மிகச் சிறப்பு' என்று சான்றிதழ் அனுப்பினார். சான்றிதழுக்கும் லேபிள் ஒட்டி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூன் மாதம் இந்தப் புண்ணியத் தலத்துக்கு வந்து சேர்ந்தாள் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பெண், எம்.சி.ஏ. படித்தவள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஈ.டி.பி. பிரிவில் ட்ரெய்னி புரோகிராமர். ஒரு வருஷத்தில் நிரந்தரம் என்று வேலை உத்தரவில் அச்சடித்திருந்தது. பென்னலூரில் ஒற்றை அறை. உடன் தங்கியிருந்தவள் செல்லக்கனி. சாத்தான்குளத்துக்காரி, அதே கம்பெனியில் மெஷின் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி.

செல்லக்கனிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அவள் முன்பு வாலாஜாபாத்தில் தங்கியிருந்தவள். அறை மாறிப் பென்னலூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனால் கம்பெனியின் பஸ் பதிவேடு அவளை வாலாஜாபாத்தை விட்டு அசைய விடவில்லை. ஏறும் ஸ்டாப்பை மாற்ற ஒரு படிவம். அந்தப் படிவத்துக்கு ஏழு கையெழுத்து: லைன் சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ், செக்ஷன் மேலாளர், எச்.ஆர்., போக்குவரத்து, செக்யூரிட்டி, கடைசியில் தர நிர்வாகம். பஸ் ஸ்டாப்புக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் இப்போது வேறு கம்பெனிகளில் இருக்கிறார்கள். செல்லக்கனியின் படிவம் நான்காவது கையெழுத்துக்கும் ஐந்தாவது கையெழுத்துக்கும் நடுவில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

பென்னலூர் ஸ்டாப்பில் தினமும் காலையில் ஒரே கூத்துதான். பஸ்ஸில் பட்டியலோடு வரும் செக்யூரிட்டி சாம்சன் கையை விரிப்பான்.

“இன்னாம்மா டெய்லி இதே ரோதனை? லிஸ்ட்ல நீ வாலாஜாபாத்னு கீது. ஏத்திகினு போனா என் வேலை பூடும்.”

“அண்ணே, பஸ்ஸு பாதி காலியாத்தான கெடக்கு?”

“காலியாத்தான் கீது. சீட்டு இர்ந்து இன்னா பண்றது, பேரு இல்லியே.”

அப்புறம் நெடுஞ்சாலைக்கு நடை, ஒரு ஷேர் ஆட்டோ, மாறி இன்னொரு ஷேர் ஆட்டோ. ஆட்டோ உடனே கிடைக்காத நாளில் ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஆறு பத்துக்குப் போய் நிற்பாள். லேட். ஒப்பந்தக்காரர்களுக்குப் பத்து லேட்தான் கணக்கு. பத்தாவது ஏறிய அன்றே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். செல்லக்கனிக்கு ஏழு ஆகியிருந்தது.

இசக்கிசெல்விக்குக் கொடுத்த முதல் வேலை அந்தப் பஸ் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மூன்றே வாரத்தில் முடித்தாள். அவள் எழுதியது சி ஷார்ப் மொழியில். ஒரு தொழிலாளியைப் பற்றிப் பெயர், எண், ஸ்டாப், லேட் எண்ணிக்கை என்று முப்பத்திரண்டு விவரம். பழைய முறையில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ளே ஒரு பெட்டி செய்ய வேண்டும். அதில் போட ஒரு வாசல், அதற்குப் பெயர் செட். எடுக்க ஒரு வாசல், அதற்குப் பெயர் கெட். விவரம் ஒன்றுக்குப் பத்து வரி பிடிக்கும். நாலு வருஷத்துக்கு முன்பே அந்த மொழியில் புது வசதி வந்துவிட்டது. கெட், செட் என்று வெறுமனே ஒரே வரியில் எழுதினால் போதும், பெட்டியை, எழுதியதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைலரே கண்ணுக்குத் தெரியாமல் செய்துகொள்ளும். முப்பத்திரண்டு விவரம், முப்பத்திரண்டு வரி. அவ்வளவுதான் சோலி.

“ஏட்டி, நெசமாவே ஒரு அமுக்குல மாறிருமா?” என்று கேட்டாள் செல்லக்கனி.

“மாறிரும்ட்டி. வார திங்கக்கெழம நீ நம்ம ஸ்டாப்புல ஏறுத.”

வாயைக் கொடுத்தாள் பெண். அந்தக் கம்பெனியில் தர நிர்வாகத்தின் கண்ணில் படாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது என்பது அவளுக்குத் தெரியாது.

வனமாமலை பத்தொன்பது வருஷமாகப் பிரேக் ட்ரம்மை விரலால் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவர். அவர் முன்னால் புரோகிராமை அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்ட மேசையில் வைத்தார்கள். தட்டிப் பார்த்தார், காகிதச் சத்தம்தான் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அப்புறம் இசக்கிசெல்வியையும், அவளுடைய மேலாளர் சண்முகசுந்தரத்தையும் கூப்பிட்டனுப்பினார். சண்முகசுந்தரம் யாரையும் மறுத்துப் பேசாமலேயே மேலாளர் ஆனவர்.

“ஸ்டாப்னு ஒண்ணு உள்ள போகுது. வெளிய வருது. நடுவுல அது எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார் வனமாமலை.

“கம்பைலரே உள்ளுக்குள்ள ஒரு இடம் பண்ணி வச்சுக்கிடும் சார். நாம எழுதாண்டாம்.”

“அந்த இடத்துக்கு என்ன பேரு?”

“அதுவே ஒரு பேரு வச்சுக்கிடும் சார். நமக்குத் தெரியாண்டாம்.”

வனமாமலை பேனாவைக் கீழே வைத்தார். “சண்முகசுந்தரம், கேட்டீங்களா? கம்பெனியோட சரக்கு, பேர் தெரியாத இடத்துல, லேபிள் இல்லாம இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. முப்பத்திரண்டு.”

“ஆமா சார். ரொம்பத் தப்பு சார்” என்றார் சண்முகசுந்தரம்.

காகிதக் கட்டின் மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோர்த்து, சிவப்பு அட்டையைக் கட்டினார்கள். இசக்கிசெல்வி 'இது என்ன?' என்பதற்கு எதிரே 'புரோகிராம்' என்றும், 'ஏன் இங்கே இருக்கிறது?' என்பதற்கு எதிரே 'நீங்கள் கேட்டதால்' என்றும் எழுதி மீட்டுவந்தாள்.

மறுநாள் அடுத்த கேள்வி முளைத்தது. பெட்டியைச் செய்வது கம்பைலர் என்றால், கம்பைலர் வெளி ஆள். வெளி ஆள் செய்யும் பாகத்தை வாங்குவதென்றால், அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் பெயர் வேண்டும். கம்பைலரைச் செய்தது அமெரிக்காவில் ஒரு கம்பெனி என்று இசக்கிசெல்வி சொன்னாள். எங்கே இருந்தால் என்ன, நாற்பத்தாறு கேள்விப் படிவம் போயிற்று. தங்கள் உலையின் அதிகபட்ச வெப்பம் எவ்வளவு? பெண் தொழிலாளருக்குக் கழிப்பறை எத்தனை? துருப்பிடித்த உதிரிகளை எங்கே வைப்பீர்கள்? தங்கள் பட்டறைக்கு லாரி திரும்பும் அகலத்தில் சாலை உண்டா?

அனுப்பி ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. 'உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கருத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். இது தானாக அனுப்பப்படும் பதில்.' வனமாமலை நெகிழ்ந்துபோனார்.

“நம்ம போல்ட் சப்ளையருக்கு மூணு மாசமா எழுதறேன், ஒரு பதில் கிடையாது. இவங்க ஒரு நிமிஷத்துல மதிக்கிறேன்னு சொல்றாங்க. ஏ கிரேடு போடுங்க.”

கம்பைலர் ஏ கிரேடு சப்ளையர் ஆயிற்று. இதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. செல்லக்கனிக்கு எட்டாவது லேட் விழுந்தது.

“ஒரு அமுக்குன்னியே?” என்று மட்டும் கேட்டாள். இசக்கிசெல்விக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சப்ளையர் சரி, பெட்டிக்கு லேபிள்? அதைத் தீர்க்க முழுக் கமிட்டி கூடியது. படிவத்தில் கையெழுத்துப் போடும் ஏழு பேரும் ஓவல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிரே நின்றாள் இசக்கிசெல்வி, பக்கத்தில் சண்முகசுந்தரம். அன்று காலை செல்லக்கனிக்கு ஒன்பதாவது விழுந்திருந்தது.

“சுருக்கமா சொல்லும்மா” என்றார் வனமாமலை. “உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் நடுவுல என்ன நடக்குது?”

“நடுவுல ஒண்ணுமே நடக்காது சார். என்ன வருதோ அத அப்படியே வாங்கி வைக்கும். கேட்டா அதையே அப்படியே எடுத்துக் குடுக்கும். நடுவுல ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்குத் தண்டமா பத்து வரின்னுதான் அத எடுத்துட்டாங்க.”

லைன் சூப்பர்வைசர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எச்.ஆர். தலைவர் தண்ணீர் குடித்தார். செக்யூரிட்டி ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெண் புரோகிராமைப் பற்றித்தான் பேசினாள், சத்தியமாக. ஆனால் ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் சுருக்கென்றது.

முதலில் வாய் திறந்தவர் எச்.ஆர். தலைவர். “இது அபாயமான சிந்தனை. எங்கிட்ட வர்ற பேப்பரை நான் படிக்கிறதில்ல. ஏன்? எனக்கு முன்னாடி மூணு பேர் போட்டிருக்காங்க. அவங்க படிச்சிருப்பாங்க.”

“எனக்குப் பின்னாடி நாலு பேர் இருக்காங்களே, அவங்க படிப்பாங்கன்னு நான் படிக்கல” என்றார் செக்ஷன் மேலாளர், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

வனமாமலை எழுந்து நின்றார். முக்கியமான விஷயமென்றால் அவர் எழுந்துதான் பேசுவார்.

“இசக்கிசெல்வி, நீ சின்னப் பொண்ணு. உனக்குப் புரியறாப்புல சொல்றேன். பத்தொம்பது வருஷம். என் மேசைக்கு எந்தப் பேப்பர் எப்படி வந்துச்சோ அப்படியேதான் வெளிய போயிருக்கு. ஒரு எழுத்து நான் மாத்தினது கிடையாது. மாத்தினேன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும், இப்பவே ராஜினாமா பண்றேன். போன பேப்பருக்கும் வந்த பேப்பருக்கும் ஒரே வித்தியாசம், இருபது நாளு. அந்த இருபது நாளுக்குப் பேருதாம்மா தரம். இதை ஒரு மெஷின் இருக்கற இடம் தெரியாம, ஒரு செகண்டுல பண்ணிட்டுப் போகும்னா, அப்புறம் நாம எதுக்கு?”

கைதட்டினார்கள். சண்முகசுந்தரம் எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒன்று, முப்பத்திரண்டு விவரத்துக்கும் பழைய முறைப்படி பத்துப் பத்து வரி எழுத வேண்டும். இரண்டு, புரோகிராமில் எந்த மதிப்பாக இருந்தாலும், ஒன்று விடாமல், ஏழு கையெழுத்துள்ள சீட்டு இருந்தால்தான் உள்ளே ஏற்றலாம். ஏற்றுவதற்கு ஒரு அலுவலர், படித்துச் சொல்வதற்கு ஒரு அலுவலர். போக்குவரத்துப் பிரிவில் பதிவேடு வைத்திருந்த நம்பிராஜன், 'முதுநிலை செட்டர்' ஆனார். வரவேற்பறையில் இருந்த பெண் 'கெட்டர்' ஆனாள். நம்பிராஜனுக்குத் தனி மேசை, தனி நாற்காலி, சீட்டுகள் போட ஒரு எவர்சில்வர் தட்டு. எல்லாவற்றுக்கும் லேபிள்.

இசக்கிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு முந்நூற்று இருபது வரி எழுதிக் கொடுத்தாள். வனமாமலை காகிதக் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். “இப்பதான்மா வேலை செஞ்ச மாதிரி இருக்கு” என்றார். சர்வர் பெட்டியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: 'உள்ளே: இடம். எண்ணிக்கை: 32.'

பதிவேட்டிலிருந்த எல்லாரையும், எல்லா லேட்டுகளையும் ஏற்றிப் புரோகிராம் ஓடத் தொடங்கியது. செல்லக்கனியின் லேட்: ஒன்பது. ஸ்டாப்: வாலாஜாபாத். அவளுடைய பழைய படிவம் செல்லாது, புதுச் சீட்டில் முதலிலிருந்து ஏழு கையெழுத்து.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. செல்லக்கனி விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி நெடுஞ்சாலையில் போய் நின்றாள். ஷேர் ஆட்டோ வராத நாளில் லாரிக்காரர்களிடம் கெஞ்சினாள். மூன்று வாரத்தில் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

“பதிவேடு மாறாதுட்டி. நான் மாறிட்டுப் போறேன்.”

“எங்க?”

“வாலாஜாபாத்துக்கு. அங்ஙனதான நான் இருக்கேன்னு எழுதிருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டையும் பாயையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள் இசக்கிசெல்வி. ஆட்டோ திரும்பும்வரை சிரித்துக்கொண்டு நின்றாள். அறைக்குள் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து ஒரு சிநேகிதியைக் குடிபெயர்த்ததுதான் மிச்சம்.

அந்த வாரம் தகவல் பலகையில் வனமாமலை ஒரு அறிவிப்பு ஒட்டினார். செட்டர் முறை வந்த பிறகு பதிவும் நிஜமும் நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன என்று அதில் இருந்தது.

நம்பிராஜன் நல்ல மனிதர். குன்றத்தூரிலிருந்து வருகிறவர். வந்த சீட்டை ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார், கையெழுத்து மட்டும் முழுதாக இருக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் நாள் செல்லக்கனியின் சீட்டில் ஏழாவது கையெழுத்தும் விழுந்தது. அன்று சாயங்காலமே அவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி, எழுத்துப் பிழை இல்லாமல் 'பென்னலூர்' என்று ஏற்றினார்.

மறுநாள் காலை வாலாஜாபாத் பஸ்ஸில் டூட்டி சாம்சனுக்கு.

“அட, நீயா? இங்க இன்னா பண்ற? லிஸ்ட்ல நீ பென்னலூர்னு கீதே!”

“பென்னலூர்ல நின்னப்ப வாலாஜாபாத்துன்னு நீங்கதானண்ணே ஏத்தாம வுட்டிய?”

“அது அப்போம்மா. இப்போ பென்னலூர்ல நின்னா கண்டி ஏத்திப்பேன். ஆனா இது அந்த பஸ் இல்லியே.”

பத்தாவது லேட். வாசலில் செக்யூரிட்டி லேட் சீட்டு எழுதி உள்ளே அனுப்பிவிட்டு, அட்டையை எச்.ஆர். வாங்கிக்கொள்ளும் என்றார்.

டீ இடைவேளையில் ஈ.டி.பி. வாசலில் வந்து நின்றாள் செல்லக்கனி. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, கயிற்றைச் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். “அவுக வாங்கதுக்கு முன்ன நானே குடுத்துரலாம்னு” என்றாள்.

இசக்கிசெல்விக்கு ஏதோ ஒன்று பொறி தட்டியது. நேராக நம்பிராஜன் மேசைக்கு ஓடினாள்.

“சார், ஒருத்தங்களுக்கு லேட் எண்ணிக்கை ஒண்ணு ஏறணும்னா என்ன செய்யணும்?”

“ஏழு கையெழுத்தோட சீட்டு வரணும்மா. எந்த மதிப்பா இருந்தாலும், ஒண்ணு விடாமன்னு தீர்மானத்துலயே போட்டிருக்கே. நீயும்தானே இருந்த?”

“கையெழுத்து வரலைன்னா?”

“வர்ற வரைக்கும் பழைய மதிப்புதான். வேற எப்படி?” தட்டைக் காட்டினார். அரைகுறைக் கையெழுத்தோடு ஆயிரத்து நானூறு சீட்டு அடுக்கியிருந்தது. ரத்தப் பிரிவு, செருப்பு அளவு, கல்யாணம் ஆனவர், ஆகாதவர். அடியிலிருந்து மேலாக லேட்டு, லேட்டு, லேட்டு. தன் லேட்டுக்குத் தானே கையெழுத்துக் கேட்டு அலைய யாருக்கு என்ன வேண்டுதல்?

இசக்கிசெல்வி செல்லக்கனியை எச்.ஆர். தலைவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் கெட்டரைக் கூப்பிட்டு, இவளுக்கு எத்தனை லேட் என்று கேட்டார். கெட்டர் திரையைப் பார்த்துச் சொன்னாள்: “ஒன்பது சார்.”

“ஒன்பதுதானே? அப்புறம் எதுக்கு அட்டையைக் கழட்டிட்டு நிக்குது? வேலைக்குப் போகச் சொல்லு.”

செல்லக்கனி வேலைக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டும் பாயும் ஸ்டவ்வும் பென்னலூருக்கே திரும்பி வந்தன. திங்கட்கிழமை சாம்சன் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் காட்டினான்.

விஷயம் மெதுவாகப் பரவியது. ஆறு மணி ஷிப்ட் ஆறேகாலுக்குத் தொடங்கியது, அப்புறம் ஆறே முக்காலுக்கு. வருஷ முடிவுக் கூட்டத்தில் வனமாமலை எழுந்து நின்றே பேசினார்: “செட்டர் முறை வந்த நாளிலிருந்து இந்தத் தொழிற்சாலையில் புதிதாக ஒரு லேட்கூடப் பதிவாகவில்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. மனித ஒழுக்கத்தை முறை மாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?” கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. அவர் பேசி முடிக்கும்போதுதான் பாதிப்பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஜூன் மாதம் இசக்கிசெல்விக்கு ஒரு வருஷம் முடிந்தது. நிரந்தரம் செய்யலாம் என்று சண்முகசுந்தரம் எழுதினார். நிரந்தரம் என்பதும் முப்பத்திரண்டில் ஒரு மதிப்பு. சீட்டு நம்பிராஜனின் தட்டுக்கு வந்தது.

“உன்னுது வந்துடுச்சும்மா” என்றார் அவர், சந்தோஷமாக. “இந்தக் கையெழுத்துக் கழுதையையெல்லாம் நானே நேர்ல போய் நின்னு வாங்கிடறேன். ஞாயித்துக்கிழமை ஓ.டி. போட்டு மொத்தத் தட்டையும் முடிச்சுடுவேன். ஆனா வரிசைப்படிதான். உனக்கு முன்னாடி பழைய லேட் சீட்டெல்லாம் இருக்கு. யாரோ செல்லக்கனியாம், பத்தாவதாம், அதையெல்லாம் ஏத்திட்டுத்தான் உன்னுது.”

இசக்கிசெல்வி தட்டைப் பார்த்தாள். அம்மாவிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தாள், அடுத்த மாதம் நிரந்தரம் என்று. அம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பாள்.

“அவசரம் ஒண்ணும் இல்ல சார். வாங்க, டீ குடிச்சுட்டு வருவோம்.”

அன்றிலிருந்து தினம் நாலு தடவை அவரை டீக்குக் கூட்டிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு அவர் வந்தால் சர்வர் பழுது என்று சொன்னாள்.

ஜூலையில் சுற்றுக்கு வந்த வனமாமலை அவள் மேசை அருகே நின்றார். ட்ரெய்னி லேபிளுக்குக் காலம் முடிந்துவிட்டது, நிரந்தர லேபிள் வரவில்லை. லேபிள் இல்லாதது எதுவாக இருந்தால் என்ன? அவள் நாற்காலியில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்.

பதினாலாம் நாள் இசக்கிசெல்வி அட்டையை அவிழ்த்தாள். 'இது என்ன?' என்பதற்கு எதிரே 'இசக்கிசெல்வி' என்று எழுதினாள். 'ஏன் இங்கே இருக்கிறது?' என்பதற்கு எதிரே, கொஞ்சம் யோசித்து, அழகான கையெழுத்தில், 'செட்டர் தட்டு நகராமல் பார்த்துக்கொள்ள' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். வனமாமலை பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, அட்டை எப்படி வந்ததோ அப்படியே திருப்பிக் கொடுத்தார்.